காதுக்கும் ஒரு பழக்கம் உண்டு: குரலின் தரத்தைக் கேட்டு மதிப்பிட வருபவர்களுக்கு

ஒரே குரல் பதிவை ஐந்து பேருக்குப் போட்டுக் காட்டி, "இதில் கரகரப்பு எவ்வளவு?" என்று கேட்டால் ஐந்து விடை வரும். அதில் பெரிய ஆச்சரியமில்லை. அந்த ஐந்து பேரும் வருடக்கணக்கில் குரல் நோயாளிகளைக் கேட்டுப் பழகியவர்கள் என்றாலும் விடைகள் ஒன்றாவதில்லை. புதிதாக வருபவர்களைக் குழப்புவது இதுதான். "அனுபவம் வந்தால் காது தானாகச் சரியாகிவிடும்" என்று மூத்தவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். பாதி உண்மை. அனுபவம் காதைக் கூர்மையாக்கும். ஆனால் அது எதைப் பிடிப்பதில் கூர்மையாகும் என்பது, நீங்கள் எந்தக் குரல்களை, யாரோடு சேர்ந்து, எந்த அளவுகோலை வைத்துக் கேட்டுப் பழகினீர்கள் என்பதைப் பொறுத்தது.

பேச்சு சிகிச்சை படிக்கும் மாணவர்கள், காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குப் பயிற்சிக்கு வந்தவர்கள், குரல் பயிற்சியாளர்கள், ஏதோ ஓர் ஆய்வில் கேட்பவராக உட்காரப் போகிறவர்கள், இவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். கருவிகளைப் பற்றிக் கொஞ்சம், காதைப் பற்றி நிறைய.

அனுபவம் உண்மையில் என்ன செய்கிறது

1990-ல் ஜோடி கிரைமன், புரூஸ் ஜெராட், கிறிஸ்டின் பிரெகோடா மூவரும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒரு பக்கம் ஐந்து பேச்சு சிகிச்சையாளர்கள். மறுபக்கம் இந்தத் துறையே தெரியாத ஐந்து பேர். இரண்டிரண்டு குரல்களாகப் போட்டு, இவை எவ்வளவு ஒத்திருக்கின்றன என்று மட்டும் கேட்டார்கள். துறை தெரியாதவர்கள் எல்லோரும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி கேட்டார்கள். சிகிச்சையாளர்கள்தான் ஆளுக்கொரு வழியில் போனார்கள். ஒருவர் முக்கியமாக எடுத்துக்கொண்ட அம்சத்தை இன்னொருவர் பொருட்படுத்தவில்லை. சிகிச்சையாளர்களின் விடைகளைச் சராசரி எடுத்தால் தனித்தனிப் பழக்கங்கள் அதற்குள் மறைந்துவிடும் என்று ஆய்வாளர்கள் எச்சரித்தார்கள்.

காரணம் புரிந்துகொள்ளக் கூடியதுதான். எத்தனையோ குரல்களைக் கேட்ட பிறகு, "லேசான கரகரப்பு என்றால் இப்படி, கடுமையானது என்றால் இப்படி" என்று மனதுக்குள் ஓர் அளவு உருவாகிவிடுகிறது. அவரவர் கையால் முழம் போட்டு அளப்பது போலத்தான்: ஒவ்வொருவர் கணக்கும் அவரவருக்குச் சரி, இருவர் கணக்கைச் சேர்த்து வைத்தால் உதைக்கும். தொண்டைப் புற்றுநோய்ப் பிரிவில் பல வருடம் இருந்தவருக்கு ஓர் ஆசிரியரின் களைத்துப்போன குரல் 'ஒன்றுமே இல்லை' என்று படலாம். பாடகர்களை மட்டுமே பார்ப்பவர் அதே குரலுக்கு மிதமான கோளாறு என்று குறிப்பார். இருவரும் பொய் சொல்லவில்லை.

மருத்துவமனைக்கு வெளியே கிடைத்த கேட்கும் பழக்கமும் உள்ளே வரும். குஜராத்தியில் மூச்சுக்காற்று கலந்த உயிரொலியும் சாதாரண உயிரொலியும் பொருளையே மாற்றும். கிறிஸ்டினா எஸ்போசிட்டோ 2010-ல் வெளியிட்ட ஆய்வில், அறியாத மொழிகளின் உயிரொலிகளைக் கேட்டுத் தரம் பிரிக்கும்போது குஜராத்திக்காரர்கள் மற்றவர்களைவிடச் சீராகப் பிரித்தார்கள். சிறு வயதிலிருந்தே அந்த வேறுபாட்டைக் கேட்டு வளர்ந்த காது அது. குரல் பாடம் எதுவும் படித்திருக்கத் தேவையில்லை.

முதல் படி: உங்கள் காதின் பூர்வீகத்தை எழுதுங்கள்

ஒரு பதிவைக்கூடக் கேட்பதற்கு முன்னால் அரைப் பக்கம் எழுதி வையுங்கள். என்னென்ன மொழிகள் கேட்டு வளர்ந்தீர்கள், இசை கற்றதுண்டா, வீட்டில் யாருக்காவது நீண்ட நாள் குரல் பிரச்சினை உண்டா, இதுவரை எந்த வகை நோயாளிகளை அதிகம் கேட்டீர்கள். இது வெறும் சம்பிரதாயம் மாதிரித் தோன்றும். ஆனால் பிறகு உங்கள் மதிப்பெண்கள் குழுவிலிருந்து ஒரு பக்கமாகச் சாயும்போது, காரணம் தேட முதலில் இந்தத் தாளைத்தான் எடுப்பீர்கள். பாட்டுப் பயிற்சி உள்ளவர்கள் பலர் சுருதி பிசகுவதையும் கரகரப்பையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதைக் கண்டிருக்கிறேன்.

கூடவே ஒரு செவித்திறன் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். காற்றுக் கசிவின் இரைச்சல் பெரும்பாலும் உயர் அதிர்வெண்களில் இருக்கிறது. அங்கே கேட்கும் திறன் குறைந்தவருக்கு மூச்சு கலந்த குரலும் தெளிவான குரலாகக் கேட்கும். எத்தனை வருட அனுபவம் இருந்தாலும் இதை ஈடுகட்ட முடியாது.

இரண்டாம் படி: ஓர் அளவுகோலைப் பிடியுங்கள்

சொந்த வார்த்தைகளில் 'கம்மிய குரல்', 'கட்டைக் குரல்', 'உடைந்த குரல்' என்று எழுதிக்கொண்டே போனால் ஆறு மாதம் கழித்து உங்களுக்கே புரியாது. பரவலாகப் பயன்படும் அளவுகோல்கள் இரண்டு.

ஒன்று ஜி.ஆர்.பி.ஏ.எஸ். ஜப்பானில் உருவானது, மினோரு ஹிரானோ 1981-ல் வெளியிட்ட நூல் வழியாக உலகெங்கும் பரவியது. ஐந்து எழுத்தும் ஐந்து அம்சம்: மொத்தக் கோளாறு, கரகரப்பு, மூச்சுக்கலப்பு, வலுவின்மை, இறுக்கம். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை: இயல்பு, லேசு, மிதம், கடுமை. எளிது, வேகமானது, புறநோயாளிப் பிரிவுக்குத் தோதானது.

மற்றொன்று கேப்-வி. 2002-ல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் நடந்த ஒரு கூட்டத்திலிருந்து பிறந்தது. இதில் எண்களுக்குப் பதில் 100 மி.மீ. நீளக் கோடு. இடது முனை இயல்பு, வலது முனை மிகக் கடுமை. கேட்டுவிட்டு ஓரிடத்தில் குறுக்கே கோடு போட்டு, இடது முனையிலிருந்து அளக்க வேண்டும். மொத்தத் தீவிரம், கரகரப்பு, மூச்சுக்கலப்பு, இறுக்கம், சுருதி, ஒலியளவு என்று ஆறு அம்சங்கள். அந்தக் கோளாறு முழுக்க இருந்ததா, விட்டு விட்டு வந்ததா என்றும் குறிக்க வேண்டும். புதியவர்கள் இதைத்தான் அதிகம் மறக்கிறார்கள். சிகிச்சை திட்டமிடுபவருக்கு அதுவே முக்கியமான தகவலாக இருக்கும்.

எதில் தொடங்குவது? என் அபிப்பிராயம், ஜி.ஆர்.பி.ஏ.எஸ்.-ல்தான். சிறு மாற்றத்தைப் பிடிக்கும் அளவுக்கு நுணுக்கம் அதில் இல்லை என்பது உண்மை. ஆனால் நாலு படிகளில் குழம்பாமல் நிற்கப் பழகாதவர் நூறு மில்லிமீட்டரில் எங்கே கோடு போடுவார்?

மூன்றாம் படி: ஓர் அம்சத்தை மட்டும் கேட்பது

இந்த வேலையின் பாடு முழுக்க இங்கேதான். சாதாரணமாகக் குரல் நமக்கு மொத்தமாகத்தான் வந்து சேர்கிறது. அதைப் பிரித்துக் கேட்பது கற்க வேண்டிய விஷயம்.

மூச்சுக்கலப்பு: குரல் நாண்கள் முழுதாக மூடாதபோது இடைவெளி வழியே காற்று ஒழுகி, குரலோடு இரைச்சலாகச் சேர்ந்து வரும். கிசுகிசுப்பைப் பாதி கலந்தது போல இருக்கும்.

கரகரப்பு: நாண்கள் ஒழுங்கில்லாமல் அதிர்வதால் வருவது. வளர்ந்த ஆணின் குரல் நாண்கள் பேசும்போது நொடிக்கு நூற்றுச் சொச்சம் முறையும், பெண்ணுடையவை சுமார் இருநூறு முறையும் அதிரும். அந்த ஓட்டத்தில் ஒரு சுற்று நீண்டு அடுத்தது சுருங்கினால் 'கர்ர்' என்ற சொரசொரப்பு கேட்கும்.

தொண்டை கட்டிய குரல் என்று நாம் வழக்கமாகச் சொல்வதில் பெரும்பாலும் இந்த இரண்டும் கலந்திருக்கும். அதனால்தான் பிரிப்பது கடினம்.

இறுக்கம், அதாவது அமுக்கிப் பிழிந்து பேசுவது போன்ற முயற்சி, மூன்றாவது. கேட்பவர்களிடையே ஒப்புதல் குறைவாக வருவது பொதுவாக இதில்தான். மொத்தக் கோளாறு என்ற அம்சத்தில் ஒப்புதல் நன்றாக இருக்கும். ஆகவே இறுக்கத்தில் உங்கள் விடை பிறரோடு ஒத்துவராவிட்டால் உடனே மனம் உடைய வேண்டாம். ஒரு எச்சரிக்கை: இறுக்கத்தை வீடியோ பார்த்துக்கொண்டே மதிப்பிடாதீர்கள். கழுத்து நரம்பு புடைப்பதைக் கண் பார்த்துவிட்டால் காது அதற்கேற்ப மதிப்பெண் போட்டுவிடும்.

பழகும் விதத்தை ஓர் உதாரணத்தில் காட்டுகிறேன். நடுத்தர வயது ஆண், 'ஆ' என்று நான்கு நொடி நீட்டிய பதிவு என்று வைத்துக்கொள்வோம். முதல் முறை கேட்டால் "தொண்டை சரியில்லை" என்பது மட்டும்தான் படும். சரி, எதையும் எழுதாதீர்கள். இரண்டாம் முறை தொடக்கத்தை மட்டும் கவனியுங்கள்: குரல் எழுவதற்கு முன் 'ஹ' மாதிரி ஒரு கசிவு. மூன்றாம் முறை நடுப்பகுதி: முதல் இரண்டு நொடியும் காற்றோடு சீராக ஓடிவிட்டு, பிறகு திடீரென்று ஒரு படி கீழே இன்னொரு சுருதியும் சேர்ந்து ஒலிக்கிறது, குரல் இரட்டையாகப் பிளந்தது போல. ஒரு நொடி இருந்துவிட்டுப் போய்விடுகிறது. நான்காம் முறை கடைசிப் பகுதி: ஒலி தேய்கிறது, ஆனால் பிசிறில்லாமல் முடிகிறது. இப்போது எழுதலாம்: மூச்சுக்கலப்பு மிதம், முழுக்க உண்டு, கரகரப்பு லேசு, விட்டு விட்டு. முதல் முறை கேட்டதும் எழுதியிருந்தால் அந்த ஒரு நொடிப் பிளவு மனதில் ஓங்கி நின்று, கரகரப்புக்கு 3 போடவைத்திருக்கும்.

பிராட் என்ற இலவச மென்பொருள் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பால் போயர்ஸ்மா, டேவிட் வீனிங்க் உருவாக்கியது. அதில் அதே பதிவின் ஸ்பெக்ட்ரோகிராமை, அதாவது எந்த நொடியில் எந்த அதிர்வெண்கள் ஒலித்தன என்று காட்டும் படத்தைத் திறந்தால், அந்த ஒரு நொடியில் வழக்கமான கோடுகளுக்கு நடுவே புதிய கோடுகள் முளைத்திருப்பதைப் பார்க்கலாம். கேட்டதைக் கண்ணால் உறுதிசெய்துகொள்ள இது நல்ல வழி. வரிசையை மட்டும் மாற்றாதீர்கள்: முதலில் கேட்டு எழுதிவிட்டு, அப்புறம் படம்.

அதிர்வின் ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் நீளம் எவ்வளவு மாறுகிறது என்பதை ஜிட்டர் என்றும், வலு எவ்வளவு மாறுகிறது என்பதை ஷிம்மர் என்றும் மென்பொருள் கணக்கிட்டுத் தரும். "இப்படி எண்களே கிடைக்கும்போது காது எதற்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. குரல் அறிவியலாளர் இங்கோ டிட்சே 1995-லேயே குரல் ஒலிகளை மூன்று வகையாகப் பிரித்துக் காட்டினார். கிட்டத்தட்டச் சீராக அதிரும் முதல் வகைக்குத்தான் அந்த எண்களை நம்பலாம். மேலே சொன்ன பிளவு இரண்டாம் வகை. ஒழுங்கே இல்லாத மூன்றாம் வகைக்கு, அதாவது கடுமையாகக் கெட்ட குரல்களுக்கு, காதைத்தான் நம்பியாக வேண்டும்.

நான்காம் படி: பதிவும் ஹெட்போனும்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பதிவு வேவ் வடிவத்தில், 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட். மைக் வாய்க்கு நேர் எதிரே வேண்டாம். சற்றுப் பக்கவாட்டில், 4 முதல் 10 செ.மீ. தூரத்தில், எல்லோருக்கும் ஒரே தூரத்தில். வாட்ஸ்அப் குரல் செய்தியையோ ஜூம் பதிவையோ வைத்து மூச்சுக்கலப்பை மதிப்பிடாதீர்கள். இரைச்சலைக் குறைப்பதாகச் சொல்லி அந்தச் செயலிகள் நோயாளியின் காற்றுக் கசிவையே தின்றுவிடலாம். பழைய தொலைபேசி இணைப்பில் சுமார் 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரைதான் வரும், அதுவும் வேண்டாம். கேட்க மூடிய வகை ஹெட்போன், கம்பி உள்ளது. ஒலியளவை முதலிலேயே வைத்துவிட்டு அமர்வு முடியும்வரை தொடாதீர்கள்.

என்ன பேசச் சொல்வது? 'ஆ', 'ஈ' இரண்டையும் மூன்று முதல் ஐந்து நொடி நீட்டச் சொல்லுங்கள். பிறகு சில வாக்கியங்கள், கடைசியில் சற்று இயல்பான பேச்சு. நீட்டிய உயிரொலியில் உச்சரிப்பும் ராகமும் குறுக்கே வராததால் புதியவருக்கு எளிது. ஆனால் சில கோளாறுகள் தொடர்ந்து பேசும்போதுதான் வெளியே வரும்; குரல் நாண்கள் இழுத்துப் பிடித்துக்கொள்ளும் ஸ்பாஸ்மோடிக் டிஸ்ஃபோனியா அப்படிப்பட்டது. கேப்-வி வாக்கியங்கள் ஒவ்வொன்றும் ஒரு வேலைக்காக அமைந்தவை. தமிழில் கேட்கும்போது அவற்றை அப்படியே மொழிபெயர்த்தால் அந்த வேலை நடக்காது. அதே வேலையைச் செய்யும் தமிழ் வாக்கியம் வேண்டும்: "அம்மா நாணயம் எண்ணினாள்" முழுக்க அதிர்வொலியும் மூக்கொலியும், "பாட்டி தட்டைத் தட்டினாள்" வல்லின வெடிப்புகள், "அக்கா ஏன் இன்று அழுதாள்?" ஒவ்வொரு சொல்லும் உயிரில் தொடங்குவதால் குரல் எப்படி எழுகிறது என்று தெரியும். கடைசி வாக்கியத்தைச் சொல் சொல்லாக நிறுத்திச் சொல்லச் சொல்லுங்கள். வேகமாகச் சொன்னால் உயிர்கள் ஒட்டிக்கொண்டு சோதனை வீணாகும்.

ஐந்தாம் படி: ஒப்பிட மாதிரிகள்

மனதுக்குள் இருக்கும் அளவு நகர்ந்துகொண்டே இருக்கும். காலையில் நாலு கடுமையான குரல்களைக் கேட்டபின் வரும் மிதமான குரல் லேசாகக் கேட்கும். முன்பு சொன்ன ஜெராட், கிரைமன் குழுவினர் 1993-ல் கரகரப்பை வைத்துச் செய்த ஆய்வில் இதைச் சோதித்தார்கள். கேட்பவர்களுக்குக் கணினியில் உருவாக்கிய ஒப்பீட்டுக் குரல்களைக் கையருகே கொடுத்தபோது, மதிப்பெண்கள் நகர்வது குறைந்தது, ஒருவருக்கொருவர் ஒப்புதலும் கூடியது. ஹாங்காங்கைச் சேர்ந்த கேரன் சான், எட்வின் யூ இருவரும் 2002-ல் புதியவர்களை வைத்துச் செய்த ஆய்விலும், ஒப்பீட்டு மாதிரியும் பயிற்சியும் சேர்ந்தபோது நம்பகம் உயர்ந்தது.

நீங்கள் செய்ய வேண்டியது இவ்வளவுதான். ஒவ்வோர் அம்சத்துக்கும் லேசு, மிதம், கடுமை என மூன்று பதிவுகள். அவற்றை நீங்கள் தனியாகத் தேர்ந்தெடுக்கக் கூடாது. மூத்தவர்கள் குறைந்தது மூன்று பேர் தனித்தனியாகக் கேட்டு ஒரே மதிப்பெண் கொடுத்தவையாக இருக்கட்டும். ஆண், பெண் குரல்களுக்குத் தனித்தனித் தொகுப்பு இருந்தால் நல்லது. கரகரப்புக்கான மாதிரியில் மூச்சுக்கலப்பு முடிந்தவரை இல்லாமல் பாருங்கள். இந்த நிபந்தனைதான் தேடலை நீளமாக்கும். அமர்வைத் தொடங்கும் முன் ஒரு முறை, நடுவில் ஒரு முறை, அப்புறம் எப்போது சந்தேகம் வந்தாலும் அவற்றைப் போட்டுக் கேளுங்கள். ஒப்பீட்டு மாதிரியைத் திரும்பக் கேட்பது காப்பியடிப்பது என்று சில மாணவர்கள் கூச்சப்படுகிறார்கள். தையல்காரர் டேப்பை எடுப்பதற்கு யாரும் கூச்சப்படுவதில்லை.

நடுப்பகுதியில் கூடுதல் கவனம் வேண்டும். முற்றிலும் நல்ல குரல், முற்றிலும் கெட்ட குரல் இரண்டிலும் எல்லோரும் எளிதாக ஒத்துப்போவார்கள். சண்டை எல்லாம் 'லேசா, மிதமா' என்ற இடத்தில்தான். மாதிரிகள் சேர்க்க நேரம் குறைவாக இருந்தால் அந்த இடத்துக்கே முதலில் சேருங்கள்.

ஆறாம் படி: அமர்வை நடத்துவது

நோயாளியின் பெயர், நோய், சிகிச்சைக்கு முன்னா பின்னா என்பது எதுவும் தெரியாமல் கேளுங்கள். கோப்புக்குப் பெயர் வைக்கும் வேலையை வேறொருவரிடம் விடுங்கள். "அறுவைக்குப் பின்" என்று கோப்பில் எழுதியிருந்தால் குரல் தேறியதாகவே கேட்கும். அனுபவசாலிகள் இதற்கு விதிவிலக்கு இல்லை. அந்த நோய்க்குக் குரல் எப்படி இருக்கும் என்று அவர்களுக்கு முன்பே தெரியும் என்பதால், இந்தப் பொறி அவர்களுக்குத்தான் பெரிது.

வரிசையைக் கலைத்துப் போடுங்கள். ஐந்தில் ஒரு பங்கு பதிவுகளை உங்களுக்குத் தெரியாமல் இரண்டாம் முறையும் சேர்க்கச் சொல்லுங்கள். ஓர் அமர்வில் ஓர் அம்சம் மட்டும். அரை மணிக்கு மேல் இழுக்க வேண்டாம்; காது களைத்துவிட்டது என்பதைக் காது சொல்லாது, மதிப்பெண்கள்தான் சொல்லும்.

ஏழாம் படி: உங்களை நீங்களே சரிபார்ப்பது

முதலில் உங்களுக்குள்ளேயே ஒப்பிடுங்கள். இரண்டு முறை வந்த பதிவுகளுக்கு நீங்கள் கொடுத்த இரண்டு மதிப்பெண்களை வைத்துப் பாருங்கள். நீங்களே உங்களோடு ஒத்துப்போகவில்லை என்றால் பிறரோடு ஒப்பிடுவதில் அர்த்தம் இல்லை, ஐந்தாம் படிக்குத் திரும்புங்கள்.

அடுத்து, மற்றவர்களோடு. இங்கே ஒரு கணக்கு வழக்கமாக ஏமாற்றும். நாலு பதிவுகளுக்கு நீங்கள் போட்டது 10, 25, 40, 60 மி.மீ. உங்கள் மூத்தவர் போட்டது 30, 45, 60, 80. இரண்டு வரிசைகளும் எவ்வளவு சேர்ந்தாற்போல ஏறி இறங்குகின்றன என்று காட்டும் ஒட்டுறவுக் கெழுவைக் கணக்கிட்டால் 1 வரும், முழு மதிப்பெண்! ஆனால் ஒரு பதிவில்கூட நீங்கள் இருவரும் ஒத்துப்போகவில்லை. எல்லாவற்றிலும் 20 மி.மீ. இடைவெளி. நீங்கள் லேசு என்று அனுப்பும் நோயாளியை அவர் மிதம் என்று எழுதுவார். ஆகவே ஒட்டுறவோடு நிறுத்தாமல், நேரடி வித்தியாசத்தையும் பாருங்கள். ஜி.ஆர்.பி.ஏ.எஸ். போன்ற படி அளவுகோலுக்கு, எத்தனை படி தள்ளிப் போனீர்கள் என்பதையும் கணக்கில் எடுக்கும் எடையிட்ட கப்பா என்ற புள்ளியியல் அளவு பொருத்தம். 100 மி.மீ. கோட்டுக்கு, ஐ.சி.சி. (இன்ட்ராகிளாஸ் கோரிலேஷன்) என்ற புள்ளியியல் அளவில், நேரடி ஒப்புதலைக் கணக்கிடும் வகை பொருத்தம்.

இந்த உதாரணத்தில் இடைவெளி ஒரே சீராக இருப்பது நல்ல செய்தி. உங்கள் காது குரல்களைச் சரியாகவே வரிசைப்படுத்துகிறது, 'இயல்பு' என்று தொடங்கும் இடம்தான் வேறு. ஒப்பீட்டு மாதிரிகளைச் சேர்ந்து கேட்டால் ஒன்றிரண்டு அமர்வில் சரியாகிவிடும். இடைவெளி ஒரு பதிவில் கூடி அடுத்ததில் தலைகீழாகிக் கண்டபடி இருந்தால், நீங்கள் இருவரும் வேறு வேறு அம்சங்களைக் கேட்கிறீர்கள் என்று பொருள். அப்போது அந்தப் பதிவைச் சேர்ந்து உட்கார்ந்து போட்டு, "எந்த நொடியில் அதைக் கேட்டீர்கள்?" என்று கேளுங்கள். 'ஏன் 2 போட்டீர்கள்?' என்று கேட்டால் ஆளுக்கொரு தத்துவம் வரும். நொடியைக் கேட்டால் இடத்தைக் காட்ட வேண்டிவரும். மூத்தவரே தன் எண்ணை மாற்றிக்கொள்வதும் உண்டு. பதவியைப் பார்த்து உங்கள் எண்ணை மட்டும் மாற்றிவிடாதீர்கள். ஒப்புதல் ஏறியதாகத் தெரியும், காது பழைய இடத்திலேயே இருக்கும்.

வேலை இடம் மாறும்போதும், நீண்ட விடுப்பிலிருந்து திரும்பும்போதும், புது வகை நோயாளிகளை அதிகம் பார்க்கத் தொடங்கி சில மாதம் ஆன பிறகும், பழைய தொகுப்பிலிருந்து இருபது பதிவுகளை எடுத்துப் பழைய மதிப்பெண்ணைப் பார்க்காமல் மறுபடி மதிப்பிடுங்கள். நோயாளியின் கோப்பில் எழுதும்போது எண்ணோடு அளவுகோலின் பெயர், பதிவின் வகை (நீட்டிய உயிரா, பேச்சா), கேட்டவர் பெயர் மூன்றையும் சேர்த்தே எழுதுங்கள். ஒரு வருடம் கழித்து அதே நோயாளி திரும்பி வரும்போது உங்கள் இடத்தில் வேறொருவர் உட்கார்ந்திருக்கலாம்.